மூன்று நிமிடக் கெடு

என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பச்சை பெயின்ட் அடித்த ட்ரங்க் பெட்டி ஒன்று கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இதுதானுங்களா அந்தப் பெட்டி, நீங்களே செஞ்சதாமே" என்று கேட்கும்போது நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். ஆமாம், நான்தான் செய்தேன். ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப்தான் என் பிழைப்பு. ஹாம் ரேடியோவுக்கு, அதாவது சொந்தமாக வயர்லெஸ் வைத்துப் பேசுவதற்கு, உரிமம் வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. செய்தது தப்பில்லை. செய்து முடித்த பிறகு நான் செய்த ஒரு காரியம் இருக்கிறதே, அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பெட்டிக்குள் இருப்பது ரிப்பீட்டர். கையில் பிடிக்கிற வயர்லெஸ் செட் நாலைந்து கிலோமீட்டர் பேசும், நடுவில் ஒரு தோப்போ மேடோ வந்தால் அதுவும் இல்லை. ரிப்பீட்டரைக் கொண்டுபோய் உயரமான இடத்தில் ஆன்டெனா கட்டி வைத்தால், அந்தச் சின்னக் குரலை வாங்கி, அதே நொடியில் பெரிய குரலில் திருப்பிச் சொல்லும். கரண்ட் போனாலும் செல்போன் டவர் படுத்தாலும் பேட்டரியில் ஓடும். இதை விளங்கவைக்க நான் ஏறி இறங்காத படி இல்லை. ஓர் அலுவலகத்தில் என் மனுவை வாங்கிப் படித்த கிளார்க், "ரிப்பீட்டர்னா நீட் ரிப்பீட்டருங்களா மேடம்? எம் மகளும் அதான்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார்.

எதற்காக இந்தப் பாடு என்றால், கஜா. புயல் அடித்து ஓய்ந்த காலையில், அரிமளம் தாண்டி இருக்கும் என் அக்காவின் ஊரில், வாசலில் விழுந்து கிடந்த மரத்தை அறுத்து ஒதுக்கப் போனார் அத்தான். வளைந்து நின்ற கிளை அறுபட்ட வேகத்தில் திரும்பி வந்து தொடையைக் கிழித்துவிட்டது. காலையில் பட்ட அடி. பொழுது சாயும்வரை உயிர் இருந்திருக்கிறது. ரோடு முழுக்க மரம், போன் எதிலும் சிக்னல் இல்லை, யாரைக் கூப்பிடுவது? எரித்துப் பால் தெளித்த பிறகுதான் ஒரு பையன் பைக்கில் வந்து எனக்குத் தகவல் சொன்னான். நான் இருந்தது புதுக்கோட்டையில், அரைமணி நேரத் தூரத்தில். அலமாரியில் முழு சார்ஜோடு இரண்டு வயர்லெஸ் செட்.

போய் இறங்கினேன். அக்கா அழவில்லை. "ஒன் ரேடியோ எங்கடி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு அது அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எடுத்திருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

அப்புறம் என்ன, வேலையில் இறங்கினேன். கார்களில் வைக்கிற பழைய ரேடியோ இரண்டு கிடைத்தன. ஒன்றைக் காதாக்கினேன், இன்னொன்றை வாயாக்கினேன். ஒரே ஆன்டெனாவில் காதும் வாயும் சண்டை போடாமல் இருக்க ஆறு உருளை டப்பாக்கள் வேண்டும். அவற்றை வெளியூரில் ஒருவரிடம் பழசாக வாங்கி, எங்கள் லேப் கருவியில் வைத்து, தினமும் மாலையில் திருகைத் திருப்பிச் சரி செய்தேன். எலெக்ட்ரானிக்ஸில் முக்கால்வாசி வேலை காத்திருப்பதுதான். ஆன்டெனாவுக்கு ஃபிரிட்ஜ் மெக்கானிக் கடையில் செம்புக் குழாய். பேட்டரி, பழைய யு.பி.எஸ். ஒன்றிலிருந்து. எல்லாவற்றையும் ட்ரங்க் பெட்டிக்குள் இறக்கி, சூடு போக இரண்டு ஃபேன் வைத்தேன். இரண்டு பேர் தூக்கலாம், ஆட்டோவில் ஏற்றலாம்.

பெட்டியோடு பேச ஐந்து செட்டுகளையும் தயார் செய்தேன். ஐந்திலும் ஒரு கெடு வைத்தேன். பொத்தானை அமுக்கி ஒருவர் தொடர்ந்து மூன்று நிமிடம் பேசினால் செட் தானே வாயை மூடிக்கொள்ளும். இது மரியாதை, அவமரியாதை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. இந்த வழியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒருவர் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கும்வரை மற்ற எல்லோரும் ஊமை. தவறுதலாகப் பொத்தான் மாட்டிக்கொண்டால் ஊரே ஊமை. அதற்காகத்தான் கெடு.

ஐந்தில் ஒரு செட் அக்காவுக்கு. உரிமம் இல்லாமல் தொடக்கூடாதே என்று ஐம்பத்துச் சொச்சம் வயதில் அக்காவே பரீட்சைக்குப் படித்தது. பத்தாவதோடு நின்ற படிப்பு, கேள்வித்தாளோ இங்கிலீஷ். முதல் தடவை போச்சு. "இந்த மாடு மேய்க்கிறவளுக்கு ஓம்ஸ் லா என்னத்துக்குடி" என்று என்னைத் திட்டிக்கொண்டே இரண்டாம் தடவை பாஸ் செய்தது. அக்கா வீட்டு ஓட்டின் மேல் ஏறி ஆன்டெனா மூங்கிலைக் கட்டியது எதிர்வீட்டு மருமகள். அத்தான் போன பிறகு அக்காவுக்கு ஒத்தாசை எல்லாம் அந்தப் பெண்தான். பால் கறந்து கொடுப்பாள், மாத்திரை வாங்கி வருவாள், சாயந்திரம் வந்து உட்கார்ந்து வாயடிப்பாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கூரை உச்சியில் நின்று, "அத்தை, இதுல சீரியல் வருமா, இல்ல ஒங்க தங்கச்சி பேச்சு மட்டுந்தானா?" என்று கத்தினாள். "இறங்குடி மொதல்ல, ஓடு ஒடைஞ்சா ஒம் மாமியாக்காரிக்கு யார் பதில் சொல்றது" என்றது அக்கா. கட்டின கட்டு இம்மியும் அசையவில்லை.

அக்கா மைக்கைப் பிடித்தால் வேறு ஆள். உரிமத்தோடு கொடுக்கிற தன் அழைப்புக்குறி, என் அழைப்புக்குறி, செய்தி, ஓவர். ஒரு வார்த்தை கூடுதலாக வராது. எங்கள் வட்டாரத்து ரேடியோ சங்கத்தில் சூட் போட்டவர்கள் இருக்கிறார்கள், யாருக்கும் அந்தச் சுத்தம் வந்ததில்லை.

சங்கம் என்றேனே, அங்கேதான் என் கெட்ட நேரம். பெட்டியைத் தனியாளாக எந்த மேட்டிலும் வைக்க முடியாது, தண்ணீர்த் தொட்டி மேல் ஏற அனுமதி வேண்டும், அலுவலகங்களில் பேச ஆள் வேண்டும். அதற்குச் சங்கத் தலைவர் வேண்டும். அவர் ரேடியோவை விட மாலையை நன்றாகக் கையாளத் தெரிந்தவர். பெட்டியை இரண்டு நிமிடம் பார்த்தார். "பிரமாதம் மேடம். ஒரு விழா வச்சிருவோம்" என்றார்.

கல்யாண மண்டபத்தில் விழா. பேரிடர்க் காலத் தகவல் தொடர்பு ஒத்திகை என்று ஃப்ளெக்ஸ். அதில் தலைவர் படம் ஆளுயரம், பெட்டியின் படம் அவர் இடுப்பு உயரத்தில். பெட்டியை மொட்டைமாடியில் வைத்து, தலைவர் ஜீப்பில் வைக்க வேண்டிய செட்டை மேடை மேஜையில் வைத்தேன். அவர் மைக்கில் பேசினால் மற்ற நான்கு செட்டிலும் கேட்க வேண்டும். பிறகு அக்கா தன் ஊரிலிருந்து ஒத்திகைச் செய்தி ஒன்று சொல்ல வேண்டும், நான் எழுதிக்கொண்டு போய் விழாவுக்கு வந்திருக்கும் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

தலைவர் பொத்தானை அமுக்கினார். "அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இந்த இனிய விழாவுக்குத் தலைமையேற்றுச் சிறப்பித்துக்கொண்டிருக்கும்" என்று ஆரம்பித்தார். தலைமை முடிந்து முன்னிலை வந்தது. முன்னிலையில் ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் இரண்டு பட்டம், ஒரு அண்ணன். பிறகு வாழ்த்துரை வழங்க வந்திருப்போர். பிறகு மதிய உணவு உபயதாரரான கடைக்காரர். அவர் பெயரின் முதல் எழுத்து வந்ததும் மூன்று நிமிடம் முடிந்தது. செட் டுபுக்கென்று வாயை மூடிக்கொண்டது. மண்டபத்தில் ஒரு சிரிப்பு. தலைவர் மறுபடி பொத்தானை அமுக்கி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாரா? அது எப்படி? பாதியிலிருந்து தொடங்கினால் தலைமைக்கு மரியாதைக் குறைவாம். முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி அதே கடைக்காரர், அதே முதல் எழுத்து, அதே டுபுக்கு. மூன்றாம் முறையும். கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என்ன மேடம், மெஷினுக்கு மரியாத தெரியலியே."

"சார், அவசரத்துக்கு மூணு நிமிஷமே அதிகம். பேரெல்லாம் ரேடியோல சொல்லக் கூடாது சார், மேடை மைக்ல சொல்லிக்கங்க" என்றேன்.

"அதெல்லாம் மத்த ஊருக்குங்க. இங்க ஒருத்தர் பேரு விட்டுப்போச்சுன்னா நாளைக்கு அவரு மூஞ்சில முழிக்க முடியுமா? அந்தக் கெடுவ எடுத்து விடுங்க. எஞ் செட்டுக்கு மட்டும் எடுத்தாப் போதும்."

எடுத்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொட்டிக்கு அனுமதி கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, என்னையும் மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று காலையிலேயே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். செட்டின் மெனுவில் போய் இரண்டு பொத்தான். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தலைவர் பதினோரு நிமிடம் பேசினார். கடைக்காரர் பெயரை இரண்டு தடவை சொன்னார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அந்த போட்டோவைப் பார்த்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. எல்லோரும் பந்திக்குப் போன பிறகு, முக்கால் மணி நேரம் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த அக்கா தன் செய்தியைச் சொன்னது. மரம் விழுந்தது, ஆண், தொடையில் காயம், ரத்தம் நிற்கவில்லை, ஆம்புலன்ஸ் தேவை, ஓவர். பதினாலு விநாடி. ஒத்திகைக்கு எந்தச் செய்தி வேண்டுமானாலும் சொல் என்று நான்தான் அதனிடம் விட்டிருந்தேன். மண்டபத்தில் அதைக் கேட்டது நான் ஒருத்தி. எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அதிகாரி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். தாளை இலைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

தலைவர் செட்டில் கெடுவைத் திரும்ப வைத்துவிடலாம் என்று மறுநாள் போன் செய்தேன். "இருக்கட்டும் மேடம், அடுத்த மாசம் பொன்னமராவதில ஒரு விழா இருக்கு" என்றார். சரி என்றேன். பிறகு மறந்தும் போனேன். சரி என்று சொன்ன வாய்க்கு மறப்பது என்ன பெரிய காரியமா?

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. கண்மாய்கள் நிரம்பிக் கலுங்கில் உபரித் தண்ணீர் வழிந்தது, அரிமளம் பக்கம் டவர்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. வெள்ள வேலை பார்க்கும் அலுவலகத்தில் பெட்டியைக் கேட்டார்கள். அன்றைக்கே நான் ஆட்டோவில் கொண்டுபோய், வழியில் மேட்டில் இருக்கும் ஊர் ஒன்றின் தண்ணீர்த் தொட்டி உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, அடியில் மோட்டார் ரூமில் பெட்டியை வைத்துவிட்டு, புதுக்கோட்டைக்குத் திரும்பி, மறுநாள் காலை அந்த அலுவலகத்தின் மூலையில் என் செட்டோடு உட்கார்ந்தேன். என் வேலை, கிராமங்களிலிருந்து வருவதை எழுதி, பக்கத்து மேஜைக்குக் கொடுப்பது. அவர்கள் ஆம்புலன்சுக்கோ தீயணைப்புப் படகுக்கோ சொல்வார்கள். பெட்டியைப் பார்த்துக்கொள்ள என்று தலைவர் தன் ஜீப்போடு தொட்டியடியில் நின்றார்.

காலை முழுக்கப் பெட்டி வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது. அக்கா நாலு தடவை செட்டில் வந்தது. ஊருக்கு வரும் தரைப்பாலம் முழுகிவிட்டது, மாத்திரை வேண்டும், பால்பவுடர் வேண்டும். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்தது. நான் செய்த சாமான் வழியாக ஓர் ஊர் பேசுகிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டேகாலுக்குக் கொஞ்சம் முன்னால் செட்டில் திடீரென்று பொட்டலம் பிரிக்கிற சத்தம். பிறகு தலைவர் குரல். "தயிர்சாதத்துக்கு ஊறுகா வைக்கலியாய்யா?"

"வைக்கச் சொன்னேங்க. மறந்துட்டாங்ய போல" என்றது ஜீப் டிரைவர் குரல்.

யாரோ மைக் பொத்தானை அமுக்கியபடியே இருக்கிறார்கள். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்று நிமிடத்தில் நின்றுவிடும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று ஆயிற்று, நாலு ஆயிற்று, ஐந்து ஆயிற்று. அப்போதுதான் உறைத்தது. அந்த செட்டுக்கு நிற்கத் தெரியாது. நிற்காதபடி செய்தவள் நான். பொத்தான் அமுங்கியிருக்கும்வரை அந்த செட்டுக்குக் காதும் கேட்காது, நான் கத்தினாலும் அவர்களுக்குப் போகாது. ஜீப் தொட்டிக்கு அடியிலேயே நிற்பதால் அதன் குரல்தான் பெட்டிக்கு மகா பெரிசு. பன்னிரண்டு கிலோமீட்டரிலிருந்து என்னால் அதை மீற முடியவில்லை. அக்காவின் கைச் செட்டால் எப்படி முடியும்?

சாப்பாடு முடிந்தது. ஏப்பம் கேட்டது. "டேங்க் ஆபரேட்டர் வீட்ல டீ போட்டுத் தாராங்களாம், வாங்க அங்கிட்டுப் போவோம்" என்றது டிரைவர் குரல். கதவுகள் சாத்தப்பட்டன. அதற்குப் பிறகு ஜீப் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்துக்கு அடியில் அவ்வப்போது ஒரு கரகரப்பு. விட்டு விட்டு, ஒரே சீரான இடைவெளியில். யாரோ கூப்பிடுகிறார்கள். அவ்வளவு ஒழுங்காக இடைவெளி விட்டுக் கூப்பிட எனக்குத் தெரிந்து ஒரே ஆள்தான் உண்டு.

பக்கத்து மேஜையில் சொன்னேன். போலீஸ் வயர்லெஸ்ஸில் சொல்லி, அந்தத் தொட்டிக்கு யாரையாவது அனுப்புங்கள், ஜீப்பில் மைக் அமுங்கியிருக்கிறது என்றேன்.

"எழுதிக் குடுங்க மேடம், அய்யா வந்ததும் கையெழுத்து வாங்கிருவோம்."

வாயில் வந்ததை எல்லாம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். இருபது நிமிடப் பாதை. முழங்கால் தண்ணீரில் இரண்டு இடத்தில் தள்ளிக்கொண்டு போனதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரெயின்கோட்டுக்குள் இன்னொரு கைச் செட் ஓடிக்கொண்டே இருந்தது. மழைச் சத்தம், அடியில் கரகரப்பு. பாதி வழிக்கு மேல் அந்தக் கரகரப்பு நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தொட்டிக்கு அடியில் ஜீப் நின்றது. ஆள் இல்லை, கதவு பூட்டவும் இல்லை. முன் சீட்டில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்கு அடியில் மைக். பெட்டிக்குள் என்ன என்று பார்த்தேன். ஷீல்டுகள். வெள்ள நிவாரணத் தன்னார்வலர் சேவைப் பாராட்டு, கீழே தலைவர் படம். மழை இன்னும் நிற்கவில்லை, தண்ணீர் இன்னும் வடியவில்லை, அதற்குள் பாராட்டு அச்சாகி வந்துவிட்டது. மேலே இருந்த ஷீல்டில் என் பெயர் இருந்தது. தூ என்று துப்பினேன், சீட்டிலேயே.

அட்டைப்பெட்டியை ஒரு கையால் தூக்கினேன். அவ்வளவுதான் வேலை. செட்டில் மழைச் சத்தம் நின்று வழி திறந்தது. நான் மைக்கை எடுத்து, அக்காவின் அழைப்புக்குறியைச் சொல்லி, "சொல்லு, ஓவர்" என்றேன்.

இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகு பதில் வந்தது. முதலில் தன் அழைப்புக்குறி, பிறகு என்னுடையது. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"ரெண்டு இருபதுக்கு எதிர்வீட்டு மருமகளுக்கு நல்லபாம்பு கடிச்சிருச்சு. வைக்கோல்ல கை விட்டுச்சு, எம் மாட்டுக்குப் புடுங்க. தரைப்பாலத்துக்குப் படகு கேட்டு ரெண்டு இருபத்தஞ்சுல இருந்து கூப்புட்டேன். நாப்பத்தோரு தடவ கூப்புட்டேன். இப்பப் படகு வேணாம். அந்தச் செய்திய ரத்து பண்ணிக்க. ஓவர்."

நான் பொத்தானை அமுக்கவில்லை. அமுக்கினால் என்ன சொல்வது? டீ குடித்துவிட்டுத் தலைவர் குடையோடு வந்துகொண்டிருந்தார். "என்ன மேடம், நீங்க இங்கிட்டு" என்று தூரத்திலேயே சிரித்தார்.

செய்தி வந்தால், கேட்டது என்று பதில் சொல்ல வேண்டும். அதுதான் முறை, அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான். பதில் வரும்வரை அது விடாது.

"கேட்டுச்சா? ஓவர்" என்றது அக்கா. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி, "கேட்டுச்சா? ஓவர்."

"கேட்டுச்சு" என்றேன். சொல்ல வாய் கூசியது. சொன்னேன்.